வானத்திலிருந்து வரும் நேரமும் நிலத்தில் காக்கப்படும் நேரமும்

1927இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஜோசப் ஹார்ட்டனும் குவார்ட்ஸ் படிகத்தின் சீரான அதிர்வைக் கொண்டு ஒரு கடிகாரத்தை உருவாக்கினர். தொலைபேசித் துறைக்குப் பிசகாத அலைவெண் ஒன்று தேவைப்பட்டதே அம்முயற்சிக்குக் காரணம். 1955இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் சீசியம் அணுவின் அதிர்வை அளவுகோலாகக் கொண்ட கடிகாரத்தை இயக்கிய பின்னர், அந்தத் துல்லியம் மேலும் பல மடங்கு உயர்ந்தது.

குரலை எண்களாக மாற்றி அனுப்பும் டிஜிட்டல் இணைப்பகங்கள் பரவியபோது, இரு இணைப்பகங்களின் கடிகார வேகம் சற்றே வேறுபட்டாலும் தற்காலிகச் சேமிப்பகம் நிரம்பியோ வறண்டோ ஒரு தரவுச் சட்டகம் தொலைந்துவிடும் அல்லது இரண்டு முறை வரும் என்பது தெரிந்தது. ‘ஸ்லிப்’ எனப்படும் இப்பிழை பன்னாட்டு இணைப்பில் 70 நாட்களுக்கு ஒருமுறைக்கு மேல் நேராதிருக்க, முதன்மைக் கடிகாரத்தின் பிசகு பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று விதிக்கப்பட்டது. அதன்படி உச்சியில் சீசியம் கடிகாரமும், அதைப் பின்பற்றிப் படிப்படியாகக் கீழ்நிலைக் கடிகாரங்களும் அமைந்தன.

1995இல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அமைப்பு முழுமையாகச் செயல்படத் தொடங்கியதும், அணுக்கடிகாரத்தின் நேரம் ஓர் ஆண்டெனாவின் விலைக்கு எங்கும் கிடைத்ததால், அந்தப் படிநிலையின் தேவை குறைந்ததாகத் தோன்றியது. ஆனால் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை தரையை மிக மெலிந்தே எட்டுகிறது என்பதால், அருகிலுள்ள சிறு இடையூட்டுக் கருவியே அதை மூழ்கடித்துவிடும். சமிக்ஞை அறுந்தபின் உள்ளூர்க் கடிகாரம், கடைசியாக அறிந்த வேகத்தில் தானே ஓடி நேரத்தைக் காக்கும் நிலையே ‘ஹோல்ட்ஓவர்’ ஆகும். அந்நிலையில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு பிசகும் கடிகாரம் ஒரே நாளில் 8.6 மைக்ரோநொடி விலகிவிடும்; அனுப்புதலும் பெறுதலும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் 4ஜி கோபுரங்களுக்கோ அனுமதி 1.5 மைக்ரோநொடி மட்டுமே.

சமிக்ஞை அறாமலேயே பிழைபடவும் கூடும் என்பதை 2016 ஜனவரி 26 காட்டியது. பழைய செயற்கைக்கோள் ஒன்று சேவையிலிருந்து விலக்கப்பட்டபோது, ஜிபிஎஸ் வழங்கிய உலக நேரத் திருத்தத் தரவில் ஏறத்தாழ 13 மைக்ரோநொடிப் பிழை புகுந்தது. அதை அப்படியே நம்பிய கருவிகள் பல நாடுகளில் எச்சரிக்கை எழுப்பின.

அதே ஆண்டில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த தரம், செயற்கைக்கோளும் சீசியமும் இணைந்து இயங்கும் மேம்பட்ட முதன்மைக் கடிகாரம், வானத்துச் சமிக்ஞை இன்றி 14 நாட்கள் ஓடினாலும் 100 நானோநொடிக்கு மேல் விலகக் கூடாது என்றது. அங்கிருந்து நேரத்தைக் கீழே கொண்டுசெல்ல, செய்தி போகவும் திரும்பவும் ஆகும் காலத்தை அளந்து திருத்தும் துல்லிய நேர நெறிமுறை ஒளியிழைகளில் இயங்குகிறது. கைவிடத்தக்கதாகக் கருதப்பட்ட படிநிலை இவ்வாறு மீண்டும் வலுப்பெற்றிருப்பது பின்னடைவன்று. எளிதில் கிடைக்கும் நேரத்தை ஏற்கும் வலையமைப்பு, அது கிடைக்காத நாளில் தானே அதைக் காக்கும் திறனையும் பெற்றிருக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் தெளிவாகும்.