குதிரை மேல் ஒரு மணி நேரம்: யாருடைய நேரம்?

வெட்டவெளியில் பொழுதுபோக்காகக் குதிரை ஓட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. பழகாதவர் என்றால் அரைமணி, பழகியவர் என்றால் ஒன்று அல்லது இரண்டு மணி, அதற்கு மேல் போனால் தொடையும் இடுப்பும் மறுநாள் கணக்குக் கேட்கும். பதிலில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கணக்கு ஏறிய நிமிஷத்தில் தொடங்கி இறங்கிய நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் யாரோ செலவழித்த நேரம் அதில் சேர்வதில்லை. சேராமல் போன அந்த நேரத்திற்கும் ஒரு வரலாறு உண்டு.

முதலில் மருத்துவச் சொல்லாடலைப் பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெயர்பெற்ற மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் காசநோய்க்கும் மனச்சோர்வுக்கும் குதிரையேற்றத்தைச் சிகிச்சையாகவே சொன்னார். 1705இல் பிரான்சிஸ் ஃபுல்லர் உடற்பயிற்சி மருத்துவம் பற்றி எழுதிய நூலிலும் குதிரையேற்றத்துக்குத்தான் முக்கிய இடம். குதிரை இங்கே மருந்து. மருந்து என்றால் அளவு வேண்டும், வேளை வேண்டும். 'எவ்வளவு நேரம்' என்ற கேள்வி இப்படித்தான் பிறக்கிறது. யாருடைய உடம்புக்கு இந்த மருந்து? உழைத்து அசையாத உடம்புக்கு. ஏர் பிடித்தவனிடமோ நிலக்கரி சுமந்தவளிடமோ 'கொஞ்சம் அசையுங்கள்' என்று எந்த வைத்தியரும் சொல்லியிருக்க முடியாது. 18ஆம் நூற்றாண்டில் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள ஒரு நாற்காலி வந்தது. உள்ளே சுருள்கம்பி, மேலே தோல் மெத்தை. உட்கார்ந்து மேலும் கீழும் குதித்தால் குதிரை ஓட்டிய பலன். குதிரையும் இல்லை, வெளியும் இல்லை, அசைவு மட்டும் மிச்சம். உழைப்பிலிருந்து விலக்கப்பட்ட உடம்பு, உழைப்பின் அசைவைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறது.

இதே காலத்தின் இலக்கியப் பிரதி ஒன்றைத் தொட்டுக்கொள்ளலாம். ஜேன் ஆஸ்டினின் 'மேன்ஸ்ஃபீல்டு பார்க்' 1814இல் வந்தது. பணக்காரப் பெரியம்மா வீட்டில் அண்டி வளரும் ஃபேனிக்கு உடம்புக்காகக் குதிரையேற்றம் தேவைப்படுகிறது. வசதியான மேரி கிராஃபோர்டு வந்ததும் அந்தக் குதிரை கைமாறுகிறது. முதல் நாள் நேரத்தோடு திரும்பி வருகிறது. இரண்டாம் நாள் மேரிக்கு இறங்க மனசில்லை. ஃபேனி சவாரி உடுப்போடு காத்து நிற்கிறாள். பிறகு நாலு நாள் அவளுக்குக் குதிரையே இல்லை. வெயிலில் ரோஜா வெட்டித் தலைவலி வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். ஒருத்தியின் 'இன்னும் கொஞ்ச நேரம்' இன்னொருத்தியின் காத்திருப்பு என்பதை ஆஸ்டின் ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

எட்வர்ட் செய்த் 1993இல் வெளியான 'பண்பாடும் ஏகாதிபத்தியமும்' நூலில் இந்த நாவலை மறுவாசிப்புச் செய்து, அந்த வீட்டின் அமைதிக்குப் பின்னால் ஆன்டிகுவா தீவின் தோட்டம் இருப்பதைச் சுட்டினார். பிரிட்டன் அடிமை வியாபாரத்தை 1807இல் தடைசெய்தது. அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. நாவல் வந்தது இரண்டுக்கும் நடுவில். செய்த் விட்ட இடத்திலிருந்து நாம் ஒரு அடி எடுத்து வைக்கலாம். ஃபேனிக்கு மறுக்கப்பட்ட நேரமும் மேரி எடுத்துக்கொண்ட நேரமும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன: கரும்புக் காட்டில் கடிகாரம் பார்க்க உரிமையில்லாதவர்களின் நாளிலிருந்து. காத்து நின்ற ஃபேனியும் அவர்களுக்கு மேலேதான் நின்றாள்.

லண்டன் ஹைடு பூங்காவில் 'ராட்டன் ரோ' என்று ஒரு குதிரைப் பாதை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூன்றாம் வில்லியம் தன் அரண்மனைக்குப் போய்வரப் போட்ட வழி. திருடர் பயத்துக்காக 300 எண்ணெய் விளக்குகள் ஏற்றினார்கள். ராஜா போன வழி பின்னாளில் சீமான்களின் காட்சி மேடையானது. 19ஆம் நூற்றாண்டில் அந்த மணல்பாதையில் போவார்கள், திரும்புவார்கள், மறுபடி போவார்கள். எங்கேயும் போய்ச் சேரவேண்டியதில்லை. அதுதான் அதன் அர்த்தம். 'எனக்குப் போக இடமில்லை, ஆனால் நேரம் இருக்கிறது' என்று ஊரறியச் சொல்வது.

அதே தேசத்தில் அதே நூற்றாண்டில் 1847இல் வந்த பத்து மணி நேரச் சட்டம், பஞ்சாலைகளில் பெண்களும் 13 முதல் 18 வயது வரையிலானவர்களும் நாளுக்கு 10 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அதற்கே எத்தனை வருஷப் போராட்டம்! மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' முதல் பாகத்தில் வேலைநாள் பற்றி நீளமான ஓர் அத்தியாயம் எழுதியது இந்தக் கணக்குக்காகத்தான். பூங்காவில் ஒரு மணி நேரம், ஆலையில் பத்து மணி நேரம். இரண்டையும் வெவ்வேறு புத்தகங்களில் வாசிக்கப் பழகியிருக்கிறோம். முதலாவது 'பண்பாடு', இரண்டாவது 'பொருளாதாரம்'. நம் வாசிப்புப் பழக்கமே ஒரு சுவர்.

தார்ஸ்டைன் வெப்லன் 1899இல் ஓய்வுபெற்ற வர்க்கத்தைப் பற்றி எழுதியபோது இந்தக் குதிரைக்காரச் சீமான்களை நன்றாகக் கிண்டல் பண்ணினார். வால் நறுக்கிய குதிரை, சௌகரியமில்லாத உட்காருகை, குலுக்கிப்போடும் நடை. இதெல்லாம் எதற்கு? இங்கிலாந்தின் சாலைகள் ஒரு காலத்தில் சேறும் சகதியுமாகக் கிடந்தபோது வேறு வழியில்லாமல் வந்த பழக்கம், பின்னால் அமெரிக்கக் கனவான்களுக்கு 'உயர்ந்த ரசனை' ஆகிவிட்டது என்கிறார். சேறு போய்விட்டது, குலுக்கல் மட்டும் அந்தஸ்தாக நின்றுவிட்டது.

இனி நம்ம ஊருக்கு வரலாம். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியைப் புரட்டினால், வடக்கே 'சைஸ்' எனப்பட்ட ஆள் சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் 'ஹார்ஸ்கீப்பர்' என்று இருக்கிறது. நம் ஜனங்கள் வாயில் குதிரைக்காரன். அதே அகராதியில் 'கிராஸ்கட்டர்', அதாவது புல்லறுக்கிற ஆள். பொதுவாக ஒவ்வொரு குதிரைக்கும் குதிரைக்காரனைத் தவிர இப்படி ஓர் ஆள் தனியாக உண்டு. வடக்கே அது ஓர் ஆண். தெற்கே அந்த வேலை குதிரைக்காரனின் மனைவிக்கு. ஒற்றை வரியில் சொல்லிவிட்டு அகராதி அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது.

நாம் அப்படிப் போய்விட முடியாது. துரை வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம் சவாரி போகிறார். அதற்காக இருட்டோடு எழுந்து சேணம் கட்டியவன் ஒருவன். திரும்பி வந்த குதிரையின் வியர்வை துடைத்து, கொள்ளு வேகவைத்து, தண்ணீர் காட்டி, சாணி அள்ளுகிறவனும் அவனே. குதிரை மாடு மாதிரி தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும் பிராணி அல்ல. அதன் வயிறு சிறியது. இயல்பில் நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கும். அதைக் கொட்டிலில் கட்டிப்போட்டால் அந்த மேய்ச்சலை யாராவது சுமந்துகொண்டு வந்தாக வேண்டும். அந்த யாராவதுதான் பெயரில்லாத அந்தப் பெண். துரைக்கு ஒரு மணி, குதிரைக்காரனுக்கு ஒரு நாள், அவன் பெண்சாதிக்கு இன்னொரு நாள். 'ஒரு மணி நேரச் சவாரி' என்பது உண்மையில் இரண்டு மனித நாள்கள். துரைமார்களின் நினைவுக் குறிப்புகளில் குதிரைக்குப் பெயர் இருக்கும். இந்த இருவருக்கும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். 'குதிரையே நிலப்பிரபுத்துவச் சின்னம்தானே, அதை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே, இதில் என்ன ஆராய்ச்சி?' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாருக்குக் குதிரை மறுக்கப்பட்டது என்று பார்த்தால் இந்தப் பதில் நிற்காது. அயர்லாந்தில் 1695இல் வந்த சட்டம் கத்தோலிக்கர் எவரும் 5 பவுனுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது என்றது. புராட்டஸ்டன்ட் ஒருவர் ஏறக்குறைய அந்தத் தொகையை நீட்டினால் குதிரையைக் கொடுத்துவிட வேண்டும். ஆர்ட் ஓ லீரி என்ற கத்தோலிக்கர் 1773இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிக் குதிரையைக் கொடுக்க மறுத்ததில் மூண்ட பகை அது என்பது வழக்கு. அவர் மனைவி எலீன் பாடிய ஒப்பாரி ஐரிஷ் மொழியின் பெரும் படைப்புகளில் ஒன்றாக இன்றும் நிற்கிறது.

அயர்லாந்து வரைக்கும் போவானேன்? 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை வாங்கியதும் அதில் ஏறிப் போனதும்தான் காரணம் என்று அவர் தகப்பனார் சொன்னார். அதே வருஷம் உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்சில் ஒரு தலித் மாப்பிள்ளை, ஊர்த் தெரு வழியாகக் கல்யாண ஊர்வலம் போக மாதக்கணக்கில் அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் அலைந்து, கடைசியில் போலீஸ் காவலோடு போனார். எவ்வளவு நேரம் ஊர்வலம் போகலாம் என்ற கேள்வி அவருக்கு இடுப்புவலி சம்பந்தப்பட்டது அல்ல. எந்தத் தெரு, யார் வாசல், எத்தனை போலீஸ் என்பது சம்பந்தப்பட்டது.

இதை 'மேல்சாதியைப் பார்த்துக் காப்பியடிப்பது' என்று சொல்கிறவர்கள் உண்டு. குதிரையில் சாதிக்காரன் ஏறினால் வழக்கம், தலித் ஏறினால் காப்பியா? போகவேண்டிய இடம் எதுவும் இல்லாமல், யாருக்கும் வேலை செய்யாமல், சும்மா தெருவில் உயரமாக இருப்பது. அந்த 'சும்மா'வைத்தான் சாதி பொறுப்பதில்லை. வேலைக்காக உன் உடம்பு எங்கும் வரலாம், சந்தோஷத்துக்காக வரக்கூடாது. பால் லஃபார்க் 1880இல் சோம்பலாயிருக்கும் உரிமை பற்றி எழுதி நாளுக்கு 3 மணி வேலை போதும் என்றபோது, ஓய்வை முதலாளிகளிடமிருந்து பிடுங்கவேண்டிய ஒன்றாகத்தான் பார்த்தார். ஓய்வைப் பழிப்பது நம் வேலையல்ல. அது யாருக்கு இல்லை என்று கேட்பதுதான் வேலை.

கடைசியாக, குதிரையின் நேரம். இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரையில் பிள்ளைகளைச் சுமக்கும் கழுதைகளுக்கு 1942இல் விதிகள் வந்தன. மதியம் ஒரு மணி நேர ஓய்வு, வாரம் ஒருநாள் வெள்ளிக்கிழமை லீவு. இந்தியாவிலும் வண்டியிழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகள், நாளுக்கு மொத்தம் 9 மணிக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணிக்கு மேல் கூடாது, 37 டிகிரிக்கு மேல் வெயிலடிக்கும் இடத்தில் மதியம் 12 முதல் 3 வரை கூடாது என்கின்றன. நல்ல விதிகள், நடைமுறையில் இருக்கவேண்டியவை.

ஊட்டியிலோ கொடைக்கானல் ஏரிக்கரையிலோ சுற்றுலா வந்தவரை மட்டக்குதிரையில் ஏற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓர் ஆள் நடக்கிறார். சவாரிக்காரருக்கு ஒரு ரவுண்டு. குதிரைக்கு அன்றைக்கு எத்தனையாவது ரவுண்டோ, கயிற்றைப் பிடித்தவருக்கும் அத்தனையாவது ரவுண்டு, அதுவும் கால்நடையாக. 1965ஆம் ஆண்டு விதி விலங்கின் மணிக்கணக்கைப் பேசுகிறது. கயிற்றின் மறுமுனையைப் பேசவில்லை.

ஆகவே எவ்வளவு நேரம் சவாரி போகலாம் என்று கேட்கிறவரிடம் மூன்று கணக்கையும் சேர்த்துச் சொல்லுவோம். ஏறியவரின் நேரம், சுமக்கிறதின் நேரம், கூட நடக்கிறவரின் நேரம். முதல் கணக்கை அவரவர் இடுப்பே சொல்லிவிடும். மற்ற இரண்டையும் இறங்கி நின்று கேட்டால்தான் தெரியும்.