தேய்ந்த தட்டின் விலை

இசைத்தட்டு சேகரிப்பவர் ஒருவர் தட்டொன்றைக் கையில் எடுத்தால் முதலில் பாட்டைக் கேட்பதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அதன் மேற்பரப்பைப் பார்க்கிறார். பிறகு நடுவில் ஒட்டிய சீட்டின் நிறத்தை. கடைசியாக, பாட்டு முடியும் இடத்துக்கும் சீட்டுக்கும் நடுவேயுள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை. மறுபதிப்பில் சீட்டு மாறலாம். அந்த எண்ணோ தட்டு எந்தப் பதிவிலிருந்து வார்க்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கீறலின்மை, முதற்பதிப்பு, அருமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் விலை ஏறுகிறது. இவற்றில் முதல் அளவுகோலை மட்டும் என்னால் முழுதாக ஏற்க முடிந்ததில்லை.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். மூன்று நிமிடப் பாட்டின் இறுதியில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். யார் பாடியது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியவேண்டுமல்லவா? 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே தொழிற்சாலை வந்தது. தட்டின் முக்கியப் பொருளான அரக்கோ எப்போதும் இந்தியக் காடுகளிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

அந்த அரக்குடன் கல்தூளையும் கலந்தார்கள். எஃகு ஊசியின் முனை தட்டின் வரியில் உராய்ந்து, அதற்குப் பொருந்தும் வடிவை அடைவதற்காக. ஒரு பக்கம் ஓடியதும் ஊசியை மாற்றவேண்டும். ஊசிக்குக் காசு செலவாகுமே என்று அதையே மறுபடி மறுபடி ஓட்டிய வீடுகள் ஏராளம். அப்போது ஊசி தட்டை அராவியது. ஆக, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பாட்டு கொஞ்சம் அழிந்தது. விரும்பிக் கேட்ட தட்டு விரைவில் தேய்ந்தது. யாரும் தொடாத தட்டு பளபளப்பாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரம் ஓடும் வினைல் தட்டை வெளியிட்டது. நுண்ணிய வரி, மெல்லிய ஊசி, குறைந்த அழுத்தம். பத்திரமாகக் கையாண்டால் நூறு முறை கேட்டாலும் பெரிய சேதமில்லை. அங்கே கீறல் என்பது உடையவரின் அலட்சியத்தைக் காட்டும். கீறலின்மையை அளவுகோலாகக் கொள்வது நியாயம். அதே கோலை அரக்குத் தட்டின்மீது வைப்பதுதான் பிழை.

சந்தை எதை மதிக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். இங்கிலாந்தில் 78 சுழற்சித் தட்டுகள் 1960 வாக்கில் நின்றுபோயின. இந்தியாவிலோ மின்சாரமில்லாத வீடுகளில் சாவி கொடுத்து ஓடும் கிராமபோன்கள் இருந்ததால், பீட்டில்ஸ் பாடல்கள்கூட 1960களின் நடுவில் 78 சுழற்சித் தட்டுகளாக இங்கே வெளிவந்தன. நமது மின்பற்றாக்குறையின் விளைவான அத்தட்டுகளை மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். பாட்டு அரியதன்று, அது லட்சக்கணக்கான பிரதிகளில் இருக்கிறது. தட்டுதான் அரியது.

எதிர்ப்பக்கத்தில் கோயம்புத்தூர் தாயி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தட்டுகளில் பாடியவர். 1912 வாக்கில் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் அவரது இசைத்தட்டில் மயங்கினார்; அதிலிருந்த தமிழ்ப் பாடலை அடியொற்றி ‘ராகமாலிகா’ என்ற ஆக்கத்தை உருவாக்கினார். 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலும் இன்று நமக்குத் தட்டுகளின் வழியாகவே கிடைக்கிறது. இங்கே பாட்டே தட்டை நம்பியிருக்கிறது. தட்டு உடைந்தால் பாட்டும் போயிற்று.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய சாமான் கடையில் நாடகப் பாட்டுத் தட்டொன்றைப் புரட்டிப் பார்த்தேன். வரிகள் சாம்பல் பூத்திருந்தன. சீட்டில் பாதி கிழிந்திருந்தது. கேட்கத் தகுதியில்லை என்று வைத்துவிட்டு, சற்றும் தேயாத வேறொன்றை வாங்கி வந்தேன். மறுவாரம் போனபோது அந்தக் கட்டு முழுவதும் எடைக்குப் போயிருந்தது. வாங்கிய தட்டு இன்னும் புதிதாகவே இருக்கிறது. நானும் அதை இரண்டு முறைக்குமேல் கேட்கவில்லை. அதற்கு முன்பு அதை வைத்திருந்தவரும் கேட்டிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது.

ஒரு தட்டின் மதிப்பை அறிய இப்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதிலுள்ள குரல் வேறெங்காவது இருக்கிறதா? இல்லையென்றால், எவ்வளவு இரைச்சலானாலும் முதல் வேலை அதைப் பிரதியெடுத்து வைப்பது. விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். சாம்பல் பூத்த அந்த வரிகள், முன்பு ஒரு கூடத்தில் பலர் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டதற்கு எஞ்சியிருக்கும் சாட்சி.