ஆள் பார்க்கும் கண்கள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விசாலமான வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் வீதிக்குக் கலஹா வீதி என்று பெயர். விரிவுரை மண்டபங்களையும் விளையாட்டுத் திடல்களையும் இருபுறமும் விட்டுவிட்டு, ஹிந்தகலையைத் தாண்டி மலையேறி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கலஹாச் சிறுநகரை அடைந்து, அப்பாலும் தெல்தோட்டைப் பக்கமாகச் செல்கிறது அந்தப் பாதை. ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டு, இத்தீவின் பொருளாதாரத்தையே மாற்றியமைத்த லூல்கந்துரத் தோட்டமும் இந்த மலைத்தொடரிலேயே இருக்கிறது. தேயிலையின் சரித்திரத்தைப் பலரும் எழுதியிருக்கின்றனர். ஆனால் இந்த மலைகளில் இளைஞர்களை நிறுத்திவைத்து, இவன் எதற்குத் தகுவான், எவ்வளவுக்குப் பெறுவான் என்று தலைமுறை தலைமுறையாக எடைபோட்டு வந்த கண்களின் சரித்திரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவுஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் கால்பந்துக் கழகங்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை அளந்தும் ஓடவிட்டும் பரீட்சித்து முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் ஏற்பாட்டைப் பற்றி வாசிக்குந்தோறும், கலஹாவின் இந்தப் பழைய சரித்திரமே என் சிந்தையில் முன்னிற்கிறது.

முதன்முதலில் ஆள் பார்த்தவர் கங்காணி. கோப்பிக் காலத்திலும் அதன் பின் தேயிலைக் காலத்திலும், தோட்டத்துரை கொடுத்த முற்பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சென்று ஆள் கட்டிக்கொண்டு வந்த அந்த மனிதர், மழை பொய்த்த ஊரையும் கடன்பட்ட குடும்பத்தையும் இனங்கண்டு, அக்குடும்பத்தில் எந்தப் பிள்ளையின் தோள் மண்வெட்டிக்குத் தாங்கும், எந்தப் பெண்ணின் விரல் கொழுந்துக்கு வேகமாக ஓடும் என்பதை ஒரே பார்வையில் மதிப்பிடக்கூடிய அனுபவம் வாய்ந்தவராயிருந்தார். 1904ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் நிறுவப்பட்ட பிறகு, அந்தப் பார்வைக்கு உத்தியோகபூர்வமான அமைப்பும் உண்டாயிற்று. மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, வைத்தியரின் பரிசோதனைக்கு உட்பட்ட பின்னரே ஒருவன் தனுஷ்கோடியிற் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்க முடிந்தது. அங்கே பார்க்கப்பட்டதெல்லாம் தேகம் ஒன்றுதான். அந்தத் தேகத்துக்குள் இருந்தவன் பாடுவானா, கணக்கில் சூரனா, ஓட்டத்தில் வல்லவனா என்று கேட்க வேண்டிய அவசியம் எவருக்கும் இருக்கவில்லை.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவனுடைய பெயருக்கு நேரே பிரயாணச் செலவும் முற்பணமும் கடனாக ஏறின. அவன் வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அந்தக் கடனைத் தீர்த்து ஆளைப் பெற்றுக்கொள்ளலாம் என்று முதல் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். ஆள் பற்றாக்குறை மிகுந்த காலங்களில் ஒரு துரை மற்றொரு துரையின் துண்டுத் தொகையைச் செலுத்தி, கங்காணியையும் அவர் கீழிருந்த கூட்டத்தையும் ஒருசேரப் பெயர்த்துக்கொண்டு போவது சர்வ சாதாரணம். இன்றைய விளையாட்டுக் கழகங்கள் ஒப்பந்தப் பணம் கட்டி வீரரை மாற்றிக்கொள்வதைக் காணும்போது, அதே கணக்கு மலைநாட்டில் வெகுகாலம் முன்பே நடந்திருப்பது தெரிகிறது. ஆனால் வீரனுக்கு அந்தப் பணத்தில் பங்குண்டு, மலைநாட்டுத் தொழிலாளிக்கோ கடன் மட்டுமே மிஞ்சிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணி பெற்றுவந்த தலைக்காசு அதன் பின்னரும் நீடித்தது.

விடியற்காலையில், தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தினமும் நிகழ்ந்த தெரிவு இதனினும் நுட்பமானது. கணக்கப்பிள்ளை பெயர் வாசிக்க, இவன் கவ்வாத்துக்கு, இவள் கொழுந்துக்கு, அந்தப் பையன் புல்வெட்டுக்கு என்று மலைமலையாக ஆட்கள் பிரிக்கப்பட்டனர். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆண், பெண், பிள்ளை என மூன்று விகிதங்களை வகுத்தது. தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமாக, ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டன. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும், எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை அந்தப் பாடசாலைகளின் நிலைமை பெரிதும் மாறவில்லை. விளையாட்டுத் திடல் என்ற ஒன்று அவற்றிற் பலவற்றுக்கு இருந்ததே இல்லை. பெரட்டுக்களமே பிற்பகலில் பந்தாட்டக்களமாக மாறிற்று.

இந்த வரிசையில் யாவற்றிலும் கொடிய தெரிவு ராஜ்ய நிர்வாகத்தால் நடத்தப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்துவிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைத்தது. 1974இல் அவர்களும் பாதிப்பாதியாகப் பகிரப்பட்டனர். ஒரே லயத்தில் பிறந்து ஒரே களத்தில் விளையாடிய பிள்ளைகளில் ஒருவன் தான் காணாத தாயகத்துக்குப் போக, மற்றவன் உரிமையில்லாத மண்ணில் நின்றான். எந்த யோக்கியதையைக் கருதி இந்தத் தெரிவு என்று அந்தப் பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்லக்கூடியவர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இதே காலப்பகுதியில், கலஹா வீதியின் மறுமுனைக்கு அப்பால், கண்டி நகரத்தில் வேறொரு வகைத் தெரிவு செழித்தோங்கியது. லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் 1891ஆம் ஆண்டில் நிறுவிய கிங்ஸ்வூட் கல்லூரியில் றகர் ஆட்டம் வேரூன்றி, 1906இல் அக்கல்லூரியும் டிரினிட்டிக் கல்லூரியும் மோதிக்கொண்டது முதல், கண்டியின் பாடசாலைகள் இளைஞரைத் தேடிப் பயிற்றுவிக்கும் நிலையங்களாகவே ஆயின. டிரினிட்டியும் கொழும்பு ரோயல் கல்லூரியும் 1945 முதல் பிராட்பிக் கேடயத்துக்காக மோதிவருகின்றன. கிரிக்கெட்டில் 13, 15, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று படிப்படியாக அணிகளை வகுத்து, பையனைச் சிறுவயதிலேயே இனங்கண்டு, ஒவ்வோர் ஆண்டும் சலித்துச் சலித்து முதலாம் அணிவரை கொண்டுவரும் சம்பிரதாயம் உறுதிப்பட்டது. பழைய மாணவர்கள் எல்லைக்கோட்டருகே நாற்காலி போட்டமர்ந்து, அந்தப் பையனுக்குப் பின்கால் ஆட்டம் வரும், இந்தப் பையன் வேகத்தைக் கண்டு அஞ்சுகிறான் என்று அபிப்பிராயம் சொல்வதும், மறுநாள் பயிற்சியாளர் காதில் அது விழுவதும் கண்டியின் வழமை. டிரினிட்டிக்குச் சொந்தமான அஸ்கிரிய மைதானத்தில் 1983 ஏப்ரலில் இலங்கை முதன்முதலாக அவுஸ்திரேலியாவோடு டெஸ்ட் ஆடியபோது, இந்தச் சலித்தெடுக்கும் முறையின் பெருமை உலகத்தின் பார்வைக்கு வந்தது.

இந்த இரண்டு சரித்திரங்களும் ஒரே மனிதரிடத்தில் சந்தித்தன. 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் பெரியசாமி சின்னசாமி. அவர் பிற்காலத்தில் தம் புதல்வியரோடு திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பிவிட, புதல்வர்கள் இங்கேயே தங்கினர். அவர்களுள் ஒருவரான முத்தையா கண்டிப் பக்கத்திலே பிஸ்கட் தொழிற்சாலை நடத்தி முன்னுக்கு வந்தார். முத்தையாவின் மகன் முரளிதரன் 1972 ஏப்ரல் 17ஆம் நாள் பிறந்து, ஒன்பதாம் வயதில், மகாவலிக் கரையில் கட்டுகஸ்தோட்டையில் உள்ள புனித அந்தோனியார் கல்லூரியிற் சேர்க்கப்பட்டார். மத்திம வேகப் பந்துவீச்சாளராகத் தொடங்கிய அந்தப் பையனைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. அப்போது பையனுக்கு வயது பதினான்கு. ஓர் ஆசிரியர் ஒரு மாணவனை நிறுத்தி, நீ செய்துகொண்டிருப்பது உனக்குரியதன்று, உனக்குரியது வேறு என்று சொல்வதற்கு எவ்வளவு கூர்மையான திருஷ்டியும், அந்த வார்த்தைக்குப் பொறுப்பேற்க எவ்வளவு மனோதைரியமும் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். பாடசாலையின் கடைசி இரு பருவங்களில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்திய முரளிதரன், 1990/91இல் அவ்வாண்டின் சிறந்த பாடசாலை கிரிக்கெட் வீரராகத் தெரிவானார்.

அதன் பின் நேர்ந்தது தெரிவாளர் யாவரும் சிந்திக்க வேண்டியது. 1991இல் இலங்கை ஏ அணியோடு இங்கிலாந்து சென்ற அவர், ஐந்து ஆட்டங்கள் ஆடி ஒரு விக்கெட்டையேனும் பெறவில்லை. வெறும் எண்களைக் கொண்டு தீர்ப்பளிப்பவர்கள் கையில் அவருடைய விதி இருந்திருக்குமானால், கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரைக் கைவிடாதவர்கள் இருந்தபடியால், 1992 ஆகஸ்டில் கொழும்பு கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகவே டெஸ்ட் அரங்கேற்றம் நிகழ்ந்தது. பின்னர் 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில், நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு முறை, அவர் பந்தை வீசாமல் எறிகிறார் என்று கூறி, அதை முறையற்றதென அறிவித்தார். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கையைப் பாதிப்பாகக் காணாமல் குற்றமாகக் கண்டது அந்தக் கண். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் அதே கையை அளந்து பார்த்து, எறிவது போலத் தோன்றுவது காட்சிப் பிரமை என்று நிரூபித்ததையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கண் தவறிய இடத்தில் கருவி நியாயம் செய்தது. 2007 டிசம்பரில் அஸ்கிரியவில், தம் சொந்த நகரத்தார் முன்னிலையில், ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையை முறியடித்த அவர், 2010 ஜூலையில் காலியில் 800 விக்கெட்டோடு டெஸ்ட்டிலிருந்து விடைபெற்றார்.

அந்த மெல்பேர்ண் மைதானமே அவுஸ்திரேலியக் கால்பந்தின் தலையாய க்ஷேத்திரமும் ஆகும். கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் தேகம் தளராதிருக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று டொம் வில்ஸ் 1858இல் யோசனை சொல்ல, 1859இல் அதற்கு விதிகள் எழுதப்பட்டன. நெடுங்காலம் அந்நாட்டிலும் எந்தப் பிரதேசத்துப் பிள்ளை எந்தக் கழகத்துக்கு உரியவன் என்று எல்லை வகுத்தே ஆள் எடுத்தனர். செழிப்பான எல்லை கிடைத்த கழகம் செழித்தது, மற்றது வாடியது. 1986இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டின்படி, பருவ முடிவில் கடைசியாக வந்த கழகமே முதலில் தெரிந்தெடுக்கும். அந்தத் தெரிவுக்கு முன் பிள்ளைகளின் உயரம், எடை, 20 மீற்றர் ஓட்டம், நின்ற நிலையிலும் ஓடிவந்தும் எழும் உயரம், நெடுந்தூர ஓட்டத்தின் சகிப்பு யாவும் அளக்கப்படுகின்றன. நேரிலும் உட்கார்த்திப் பேசிப் பார்க்கின்றனர். நலிந்தவனுக்கு முதலுரிமை என்ற இந்தத் தர்மம் என் மனத்துக்கு மிகவும் உகந்தது. ஆனால் அதைவிட முக்கியமான சம்பவம் அந்த ஏற்பாட்டுக்கும் முந்தியது: 1984இல் மெல்பேர்ண் கழகம் அயர்லாந்தில் விளம்பரம் செய்து, அந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடியறியாத டப்ளின் இளைஞன் ஜிம் ஸ்டைன்ஸைக் கொண்டுவந்தது. அவர் 264 ஆட்டங்கள் ஆடி, 1991இல் அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரருக்குரிய பிரவுன்லோ பதக்கத்தையும் பெற்றார். வேலிக்கு வெளியே சென்று பார்க்கத் துணிந்த கண்களுக்கே அத்தகைய ஆள் தென்பட்டான்.

கலஹாவின் காரியத்தில் என் தீர்ப்பு இதுதான். முரளிதரனைக் கண்டுகொண்ட கண்டியின் திருஷ்டியை நான் போற்றுகிறேன்; எனினும் அவர் தென்பட்டதற்குக் காரணம், அவருடைய தந்தை தோட்டத்தை விட்டுக் கண்டியருகே நிலைபெற்றதும், கல்லூரியிற் சேர்க்கும் வசதி படைத்திருந்ததுமே. அதே சின்னசாமியின் இன்னொரு பேரன் ஏதாவதொரு தோட்டத்து லயத்தில் பிறந்திருப்பானேயானால், அந்த முழங்கையோடு பெரட்டுக்களத்தில் டென்னிஸ் பந்தைச் சுழற்றிவிட்டு, மறுநாட் காலை புல்வெட்டுக்கு நடந்திருப்பான். கங்காணி ஆள் தேடிக் கடல் கடந்தார். கல்லூரிப் பயிற்சியாளர்களோ பேராதனையைத் தாண்டி இந்த மலையேற வேண்டிய அவசியத்தை அதிகம் உணரவில்லை. அளப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்று சாக்குச் சொல்வதற்கும் இடமில்லை. ஓர் அளவுநாடாவும், நேரம் காட்டும் கடிகாரமும், ஒரு பந்தும், ஒரு பிற்பகலும் போதும்.

ஆகவே கண்டிக் கல்லூரிகளின் பயிற்சியாளர்களுக்கும், மாகாண விளையாட்டு அதிகாரிகளுக்கும், அஸ்கிரியவில் நாற்காலி போட்டமரும் பழைய மாணவர்களுக்கும் என் விண்ணப்பம்: ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையாவது கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் ஏறி வாருங்கள், தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளை ஒரு திடலில் கூட்டி ஓடவிட்டும் எறியவிட்டும் பாருங்கள், தேறியவனுக்குப் பஸ் கட்டணமும், சப்பாத்தும், விடுதியில் ஓர் இடமும் கொடுங்கள். பேராதனையிலிருந்து பஸ் தினமும் வருகிறது.