உறையைப் பிரிக்கும் கை

2018ஆம் ஆண்டு மே 23 அன்று எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் இணையம் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய நாள்தான் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கும் அதே தடை. ஐந்து நாள்களுக்கான ஆணை அது. ரமளானின் முதல் வாரம் வேறு. விளாத்திகுளத்திலும் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும், நோன்பு திறந்தபின் வளைகுடாவில் இருக்கும் மகனையோ கணவரையோ வாட்ஸ்அப் திரையில் பார்த்துப் பேசிப் பழகிய வீடுகள் உண்டு. அந்த நாள்களில் அவ்வீடுகளில் கைப்பேசி நேரம் பார்க்க மட்டுமே உதவிற்று.

அந்த ஆணைக்கு அடிப்படையாக இருந்தவை 2017இல் இயற்றப்பட்ட விதிகள். அந்த விதிகளுக்குத் தாய்ச் சட்டம் எது என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம்! தந்தி என்னும் சேவையை அரசு 2013 ஜூலையிலேயே மூடிவிட்டது. தந்திச் சட்டமோ அதன்பிறகும் உயிரோடிருந்து மூன்று மாவட்டங்களின் இணையத்தை அணைத்தது. செய்திகளின் கீழ் நம் பிள்ளைகள் எழுதும் கருத்துகளை யார் படிக்கிறார்கள், குடும்பக் குழுவில் நாம் பேசுவதை எவரேனும் கேட்கிறார்களா என்று இன்று பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சத்தின் வேரைக் கைப்பேசியில் தேடிப் பயனில்லை. அது அஞ்சலகத்தில் இருக்கிறது.

1898இல் வெள்ளையர் அரசு இந்திய அஞ்சலகச் சட்டத்தை இயற்றியது. அதன் 26ஆம் பிரிவு, பொது அவசரம் நேர்ந்தால் அல்லது பொது அமைதிக்குத் தேவைப்பட்டால், எந்த அஞ்சலையும் இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. அவசரம் எது என்பதை முடிவு செய்வதும் அரசே. இந்த அதிகாரத்தின் கீழ் வாழ்வது எப்படியிருக்கும் என்பதை அறிய நாங்கள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஊர் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி, 1908இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று பத்தாண்டுகள் தங்கினார். அவர் நடத்திய ‘இந்தியா’ வார இதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடை வந்தது. வாசகரைச் சென்றடைய முடியாத இதழ் 1910இல் நின்றுபோனது. 1911 ஜூன் 17 அன்று, எங்கள் பகுதியின் மணியாச்சி சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபின் புதுச்சேரியில் ஒற்றர் கூட்டம் பெருகிற்று. வீட்டு வாசலில் ஆள், அஞ்சலில் கண். கொலையில் தொடர்புடையவரைத் தேடுவது அரசின் கடமைதான். ஆனால் தேடுதல் முடிந்த பிறகும் கண்காணிப்பு முடியவில்லை என்பதே இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய இடம்.

சாதாரணக் குடும்பங்களின் நிலை வேறு. 1879 ஜூலையில் கால் அணா விலையில் அஞ்சலட்டை வந்தது. மலிவுதான், ஆனால் உறையில்லாத கடிதம் அது. எழுத்தறியாத வீடுகளில் தபால்காரரே படித்துக் காட்டுவதும் வழக்கம். எனவே ஊருக்குத் தெரியாத செய்தி என்று அதில் எதுவும் இருக்க முடியாது. நம் சமுதாயத்தில் இதற்கு ஒரு மாற்று இருந்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பெண்கள் தமிழ்ப் பேச்சை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் தேர்ச்சி பெற்றிருந்தனர். கடல் கடந்து வணிகம் செய்த கணவருக்கு அந்த எழுத்தில் மடல் எழுதினர். மறைப்பதற்காக உருவான எழுத்தன்று அது. மார்க்கக் கல்விக்காகவும் இலக்கியத்திற்காகவும் வளர்ந்தது. ஆயினும் மதரஸாவில் ஓதக் கற்றவருக்கு மட்டுமே அது பிடிபடும் என்பதால், ஒரு பெண் தன் மனத்தாங்கலைக் கணவருக்கு மட்டும் சொல்ல அது உதவியிருக்கும் என்று எண்ணுகிறேன். இன்று அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

விடுதலைக்குப் பிறகும் 26ஆம் பிரிவு அப்படியே இருந்தது. 1986இல் நாடாளுமன்றம் அதை மேலும் விரிவாக்கும் திருத்த மசோதாவை நிறைவேற்றிக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கிடம் அனுப்பியது. அவர் கையெழுத்திடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, மேசையிலேயே வைத்துக்கொண்டார். அவருக்குப்பின் வந்த ஆர். வெங்கட்ராமன், நம் தஞ்சை மாவட்டத்துக்காரர், 1990இல் அதை மறுபரிசீலனைக்கெனத் திருப்பி அனுப்பினார். 2002இல் மசோதா திரும்பப் பெறப்பட்டது. இந்தியக் குடியரசில் ஒரு கையெழுத்தை இடாமலேயே குடிமக்களின் கடிதங்களைக் காத்த அரிய நிகழ்ச்சி இது. பள்ளிப் பாடநூல்களில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மதரஸாவின் மூத்த மாணவர்களே இதைக் கேட்டிருக்கின்றனர். “ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) எழுதிய கடிதத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே வழிமறித்துக் கைப்பற்றச் செய்தார்களே, உஸ்தாத்?” என்பது அந்தக் கேள்வி. நியாயமான கேள்வி. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்காவை நோக்கிய புறப்பாடு மறைவாக நடந்துகொண்டிருந்தபோது, அச்செய்தியைக் குறைஷிகளுக்குத் தெரிவிக்கும் மடல் ஒன்று ஒரு பெண்ணின் கூந்தலுக்குள் ஒளிந்து சென்றது. அலீ (ரலி) உள்ளிட்ட தோழர்கள் ரவ்ளத்து காக் என்னுமிடத்தில் அவளை நிறுத்தி அதைப் பெற்றனர். ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்ற நிகழ்ச்சி இது.

ஆனால் அதன் விவரங்களைப் பாருங்கள். மதீனாவிலிருந்து மக்கா சென்ற பயணிகள் அனைவரின் மூட்டைகளும் அவிழ்க்கப்படவில்லை. தேடப்பட்டது ஒரு மடல். அதைக் கொண்டு செல்பவர் யார், அவர் எங்கே இருப்பார் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருந்தன. கைக்கு வந்தபின் எழுதியவரை அழைத்து, “இது என்ன?” என்று விளக்கம் கேட்கப்பட்டது. மக்காவில் தம் குடும்பத்தைக் காப்பார் எவருமில்லை என்று அவர் உண்மையைச் சொன்னார். தண்டிக்க அனுமதி கோரிய உமர் (ரலி) அவர்களிடம் அவர் பத்ருப் போரில் பங்கேற்றவர் என்பது நினைவூட்டப்பட்டது. ஹாதிபுக்குத் தண்டனை எதுவும் தரப்படவில்லை.

1996 டிசம்பர் 18 அன்று நம் உச்சநீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை இதன் அருகில் வைத்துப் படிக்கலாம். அரசியல் தலைவர்களின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட செய்தி வெளிவந்தபின், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கு அது. தொலைபேசிப் பேச்சு ஒருவரின் தனிமை உரிமைக்குள் அடங்கும் என்றது நீதிமன்றம். உள்துறைச் செயலர் நிலையிலுள்ளவர் மட்டுமே ஆணையிட வேண்டும். அத்தகவலை வேறு வழியில் பெற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆணை இரண்டு மாதங்களில் காலாவதியாகும். நீட்டித்தாலும் ஆறு மாதங்களைத் தாண்டக்கூடாது. மறுஆய்வுக் குழு ஒன்று அதைச் சரிபார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட மடலை ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காகத் திறப்பது வேறு, எல்லா மடல்களையும் திறந்து வைத்துக்கொண்டு காரணத்தைப் பிறகு தேடுவது வேறு. நீதிபதிகள் கோடு கிழித்த இடமும் ஹாதிபின் நிகழ்ச்சியில் நாம் காணும் கோடும் ஏறத்தாழ ஒன்றே.

நீதிமன்றம் இந்த இடத்துக்கு எளிதாக வந்துவிடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கொன்றில் ஆதாரமின்றி விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பவரின் வீட்டுக் கதவைக் காவலர்கள் நள்ளிரவில் தட்டி, அவர் உள்ளே இருக்கிறாரா என்று பார்த்துவந்தனர். 1962 டிசம்பரில் அந்த இரவு வருகை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆயினும் தனிமை என்பது அரசமைப்பு உறுதியளித்த உரிமையன்று என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினர். சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞராக இருந்து உயர்ந்த நீதிபதி சுப்பாராவ் அதை ஏற்கவில்லை. கண்காணிப்பு முழுவதுமே தவறு என்றார். அத்தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி நினைவுக்கு வரும். இரவு ரோந்தில் ஒரு வீட்டுக்குள் பாட்டுச் சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்த கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் அந்த வீட்டுக்காரர், “நான் செய்தது ஒரு பாவம், தாங்கள் செய்தவை மூன்று” என்று எண்ணிக் காட்டினார். துருவிப் பார்த்தது, வாசல் வழியாக வராதது, ஸலாமும் அனுமதியும் இன்றி நுழைந்தது. கலீஃபா அவரைத் தண்டிக்காமல் திரும்பினார்.

சுப்பாராவின் சிறுபான்மைக் கருத்து வெல்ல ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. இடையில் 1994இல், சிறையிலிருந்த ஒருவரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்த ‘நக்கீரன்’ இதழின் வழக்கில், தன்னைத் தனியே விட்டுவிடக் கோரும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று உச்சநீதிமன்றம் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தனிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தனர்.

கருத்து எழுதியதற்காகவே சிறைக்குப் போன கதை தனி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 66ஏ பிரிவின்படி, பிறருக்கு எரிச்சலூட்டும் மின்செய்திக்கு மூன்றாண்டு வரை சிறை. எரிச்சல் என்பதற்கு அளவுகோல் ஏது? 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவர் ஓர் அரசியல்வாதியின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைதானார். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கடையடைப்பைக் குறைகூறி முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பம் தெரிவித்த தோழியும் கைதாயினர். விருப்பம் தெரிவித்தது ஒரே ஒரு சொடுக்கு! 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் அப்பிரிவை முற்றாக நீக்கியது. ஆனால் நீக்கப்பட்ட பிரிவின்கீழ் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிவு செய்துவந்ததைக் கேட்டு 2021 ஜூலையில் அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. ஆகவே, தீர்ப்பு வந்துவிட்டது, இனி எதையும் எழுதலாம் என்று இளைஞர்கள் எண்ண வேண்டாம். எதையும் எழுதக்கூடாது என்று பெற்றோர் அவர்கள் கைப்பேசியைப் பறிக்கவும் வேண்டாம்.

1898ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவிலும் இடைமறிக்கும் அதிகாரம் இருக்கிறது. ஜெயில் சிங்கின் மேசையில் உறங்கிய மசோதாவை அறிந்தவர்கள்கூட இம்முறை அதிகம் பேசவில்லை. கடிதம் எழுதுவார் குறைந்துவிட்டார்கள் என்பது காரணமாக இருக்கலாம்.

வாட்ஸ்அப் 2016 முதல் செய்திகளை அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டி அனுப்புகிறது. அது ஒட்டிய உறைக்கு ஒப்பானது. உள்ளே இருப்பதை அந்நிறுவனத்தால் படிக்க இயலாது. எனினும் உறையின் மேலுள்ள முகவரி, யாருக்கு, எந்நேரம், எத்தனை முறை என்பது அதற்குத் தெரியும். இருநூறு பேர் உள்ள குழுவில் அனுப்புவதோ உறையேயன்று. அது கால் அணா அஞ்சலட்டை.

இதை நம் வீட்டுப் பெண்களின் படங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும், முஸ்லிம் பெண்களின் படங்களைச் சமூக ஊடகங்களிலிருந்து எடுத்து ‘ஏலம்’ என்று காட்டிய இரு செயலிகள் வெளியாயின. செய்தியாளர்களும் வழக்குரைஞர்களும் அவற்றில் குறிவைக்கப்பட்டனர். கைதானோருள் கல்லூரி மாணவர்களும் இருந்தனர். அப்படங்களை எவரும் திருடவில்லை. திறந்த இடத்தில் இருந்தவற்றை எடுத்தனர். குற்றம் எடுத்தவர்களுடையது, படமிட்ட பெண்களுடையதன்று. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் அந்நாள்களில் நம்மவர் சிலரே அப்பெண்களைக் குறைகூறியதைக் கேட்டேன்.

அப்படிக் குறைகூறியவர்கள் தம் வீட்டு வழக்கத்தைப் பார்ப்பதில்லை. நிக்காஹ் தகவல் குழுக்களில் மணமகளின் படம், பிறந்த நாள், தெருப் பெயர், தந்தையின் கைப்பேசி எண் ஆகியவை ஒரே தாளில் சுற்றுகின்றன. அந்தத் தாளை அனுப்புமுன் அவளிடம் கேட்டவர் எத்தனை பேர்? திருமணம் முடிந்து குழந்தை பிறந்தபின்னும் அது அடுத்த ஊர்க் குழுவில் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும்படி ஸூரா அந்நூரின் 27ஆம் வசனம் விதித்ததைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாம், அந்த வீட்டுப் பெண்ணின் படத்தைத் தெருவில் வைக்க அனுமதி கேட்பதில்லை.

எங்கள் மதரஸாவில் இரண்டாண்டுகளாக ஆண்டு விழாப் படங்களைப் பெற்றோர் குழுவில் இடுவதில்லை. அச்சிட்டு, உறையிலிட்டு, பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புகிறோம். சற்றே செலவு. வெளிநாட்டிலிருக்கும் தந்தையர் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. அவர்களுக்கு அவரவர் பிள்ளையின் படத்தை மட்டும் தனியே அனுப்பும் பொறுப்பை அலுவலக உதவியாளர் பார்த்துக்கொள்கிறார்.