இரண்டு மேசைகள்

மும்பைத் துறைமுகத்தில் பன்னாட்டுச் சொகுசுக் கப்பலில் ஏறுபவர் இரண்டு மேசைகளைக் கடக்கிறார். சுங்க மேசை அவரது பொருளை வினவுகிறது. குடியேற்ற மேசை அவரையே வினவுகிறது. இப்பிரிவினை பழமையானது. சுங்கத்துக்குச் 'சுல்காத்தியட்சர்', அனுமதிச் சீட்டுக்கு 'முத்திராத்தியட்சர்' என அர்த்தசாஸ்திரம் இரு அதிகாரிகளை வகுக்கிறது. சீட்டின் விலை ஒரு மாஷம்; சீட்டின்றி எல்லை கடக்கும் நாட்டவருக்குத் தண்டம் 12 பணம். முத்திரை என்ற சொல்லே அங்கு அனுமதியைக் குறித்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1878ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டம் எல்லோருடைய பொருளையும் சோதித்தது. 1883ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டமோ ஒப்பந்தக் கூலிகளையே கண்காணித்தது. வசதி படைத்தோர் கடவுச்சீட்டுக் கட்டாயமின்றிக் கப்பலேறினர். முதல் உலகப்போர்தான் அவர்களையும் அம்மேசைமுன் நிறுத்தியது. இந்தியாவுக்குள் நுழைவோரிடம் கடவுச்சீட்டுக் கோரும் அதிகாரத்தை 1920ஆம் ஆண்டின் சட்டம் அரசுக்கு அளித்தது.

வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதியே என்று 1967இல், சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. எனினும் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளர் பலர் சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லத் தனி அனுமதி பெறவேண்டியதாயிற்று. உல்லாசப் பயணிக்கு இரண்டு மேசைகள். உழைப்பாளிக்கு மூன்றாவதும் உண்டு.