வாய் தவறிய சொல்லின் வரலாறு

'மோர்க்குழம்பு' என்று சொல்லப் புகுந்து 'கோர்முழம்பு' என்று கூறி நாணாதார் நம்முள் எவர்? வீட்டார் நகைப்பர், அத்தோடு அது மறைந்துபோம். ஆயின் இத்தகைய பிழைகளைப் பொன்போல் தொகுத்த அறிஞரும் உளர். ருடால்ப் மெரிங்கர் என்னும் ஆஸ்திரிய மொழியறிஞர், கார்ல் மாயர் என்னும் மருத்துவருடன் சேர்ந்து 1895-இல் அவற்றை நூலாக வெளியிட்டார். பிழைக்கும் ஓர் ஒழுங்குண்டு என்பது அதனால் விளங்கிற்று. சொல்லின் முதலொலி பெரும்பாலும் மற்றொரு முதலொலியோடுதான் இடம் மாறும். ஆகவே, வாய் திறக்குமுன்னரே வரவிருக்கும் சொற்கள் மனத்தில் எழுந்து நிற்கின்றன என்பது பெறப்படும்.

எழுந்து நிற்பது எவ்வாறு? கேம்பிரிட்ஜில் ஜான் மார்ட்டன் 1969-இல் ஒரு விடை கூறினார். மனத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவை உண்டு. சான்று சேரச் சேர அது நிரம்பும். நிரம்பிய சொல் வெளிப்படும். அடிக்கடி வழங்கும் சொல்லுக்குச் சிறிதளவு சான்றே போதும்.

இக்கருத்தின் வழிவந்தவற்றைக் கணிப்பொறியில் இயக்கிக் காட்டியோர் அமெரிக்க அறிஞர்கள். மெக்லெலண்டும் எல்மனும் 1986-இல் அமைத்த 'ட்ரேஸ்' என்னும் மாதிரி, கேட்கும் சொல்லைப் பற்றியது. நம் மொழியில் வைத்துரைப்பின், 'பா' என்று செவியில் விழுந்தவுடன் பால், பாய், பானை, பாட்டு யாவும் தலைதூக்கும்; அடுத்த ஒலி வரவரப் பொருந்தாதவை தணியும். மேலும், எழுந்த சொல் கீழிறங்கித் தெளிவற்ற ஒலிக்கும் துணைசெய்யும். ரயிலடிக் கூச்சலிலும் பெயர் சொல்லி அழைப்பது நமக்குக் கேட்கிறதன்றோ!

அதே ஆண்டில் கேரி டெல், பேசும் சொல்லுக்கு மாதிரி கண்டார். பிழையாக வருவதும் பெரும்பாலும் உண்மைச் சொல்லாக அமைவதேன்? ஒலியிலிருந்து சொல்லுக்கும் விசை திரும்புவதால் என்றார் அவர். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆய்ந்த லெவெல்ட் இதனை ஒப்பவில்லை. விசை ஒருவழியே செல்லும். மனத்துள் நின்று தன் பேச்சைத் தானே கேட்டுத் திருத்தும் காவலனே பொருளற்ற ஒலிகளைத் தடுக்கிறான் என்பது அவர் கொள்கை. ரூலோப்ஸ், மேயர் ஆகியோருடன் 1999-இல் அதனை விரித்துரைத்தார். வழக்கு முற்றிலும் தீர்ந்ததன்று. எனினும் நம் மனம் டெல் பக்கமே சாய்கிறது.

காரணம், நோயாளர்க்கு அம்மாதிரி ஆற்றிய பணி. டெல்லும் மிர்னா ஷ்வார்ட்ஸ் முதலியோரும் 1997-இல், மூளை நோயால் சொல் தடுமாறிய 21 பேர் படங்களுக்குப் பெயர் கூறியதை ஆராய்ந்தனர். மாதிரியில் இரண்டு அளவுகளை மட்டும் மாற்றியபோது, அவரவர் பிழைகளின் விகிதம் பெரிதும் ஒத்துவந்தது. பூனையைக் கண்டு 'நாய்' என்னும் பெரியவரைப் பார்த்து, அறிவே போயிற்றென வீட்டார் கலங்குவதுண்டு. அறிவு போகாமலே, பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்லும் இணைப்பு தளர்ந்தாலும் அப்பிழை நேரும்.

இம்மாதிரிகளிற் பெரும்பாலன ஆங்கிலத்தையும் டச்சு மொழியையும் கொண்டு அமைந்தவை. 'வந்துகொண்டிருக்கிறார்களாம்' என்பதை நாம் முழுதாக வைத்திருக்கிறோமா, பேசும்போதே கூட்டுகிறோமா என அவை கூறா. இருமொழியாளர்க்கென டைக்ஸ்ட்ராவும் வான் ஹூவெனும் 1998-இல் வெளியிட்ட வாசிப்பு மாதிரியில், இருமொழிச் சொற்களும் ஒருங்கே எழுந்து போட்டியிடும். நம் காலனிக் குழந்தை தமிழ்ச் சொல்லைத் தேடுகையில் இந்திச் சொல் முந்திவருவதும் இத்தகைய போட்டியாகலாம். பேச்சிழந்த நம் பாட்டியை மருத்துவர் இந்தியில் மட்டும் சோதித்தால், அவர் இழந்தது எவ்வளவு என்பது எங்ஙனம் தெரியும்? படங்களைத் தமிழிலும் கேட்கச் சொல்லி வேண்டுதல் உடன்செல்வார் கடன்.