போலீஸ் தூக்கிய பைக்கை மீட்பது எப்படி? ஆர்.சி.யில் பழைய ஓனர் பெயர் இருந்தால் சிக்கல்!

கடைவீதியில் பைக்கை நிறுத்திவிட்டு சாமான் வாங்கி வருவதற்குள் வண்டி மாயம்! திருட்டு போச்சு என்று அலறி அடித்து ஓடும் முன்பு பக்கத்து டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. 'இப்பதான் போலீஸ் வண்டி தூக்கிட்டு போச்சு' என்று சொல்வார்கள்.

மோட்டார் வாகன சட்டம் 1988-ன் 127-வது பிரிவு இதற்கு அதிகாரம் தருகிறது. பார்க்கிங் தடை உள்ள இடத்தில் நின்றாலோ, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று கிடந்தாலோ வண்டியை இழுத்து செல்லலாம். சக்கரத்துக்கு பூட்டும் போடலாம். ஆனால் உத்தரவு போட வேண்டியது, அந்த ஏரியாவில் அதிகாரம் உள்ள, யூனிபார்மில் இருக்கும் போலீஸ் அதிகாரி. கிரேனோடு வரும் தனியார் ஆட்கள் தாங்களாகவே தூக்க முடியாது.

இழுத்து போன செலவு ஓனர் தலையில்தான். அபராதம் தனி. 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தினால் ரூ.500 வரை அபராதம். வண்டியை வைத்திருந்த இடத்துக்கான செலவையும் சேர்த்து வசூலிக்க 201-வது பிரிவில் வழி இருக்கிறது. கட்டும் பணத்துக்கு ரசீது கேட்டு வாங்கணும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், செலவை ஓனர் கட்டணும் என்று சொல்லும் 127-வது பிரிவில், அவருக்கு தகவல் சொல்லணும் என்று ஒரு வரி கூட கிடையாது. தகவல் சொன்னாலும் ஆர்.சி.யில் உள்ள பெயர், விலாசத்துக்குத்தான் போகும். செகண்ட் ஹேண்டில் வாங்கி பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பழைய ஓனர் அதற்காக மெனக்கெட்டு தேடி வருவாரா என்ன? வண்டி வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்கணும். ஒரே மாநிலம் என்றால் விற்றவருக்கு 14 நாள் கெடு. வீடு மாறினாலும் 30 நாளுக்குள் விலாசத்தை மாற்றணும்.

லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், பெர்மிட் இல்லாமல் ஓட்டி பிடிபட்டால் அது 207-வது பிரிவு. ஆவணங்களை காட்டி விண்ணப்பித்தால், சரிபார்த்து விடுவிப்பார்கள். ஹெல்மெட் போடாதது இந்த பிரிவில் வராது.

விபத்து, திருட்டு போன்ற வழக்கில் சிக்கிய வண்டி என்றால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குத்தான் போகணும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503-வது பிரிவுகளில் மனு போடலாம். போலீஸ் நிலையத்தில் வண்டிகளை மாதக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் போட்டு வைப்பதில் பலனில்லை, போட்டோ எடுத்துக்கொண்டு பாண்டு வாங்கி ஒப்படைக்கணும் என்று 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அப்படியும் பல ஸ்டேஷன் வாசலில் வண்டிகள் துருப்பிடித்துத்தான் கிடக்கின்றன.

ஓனர் யாரென்றே தெரியாவிட்டால் கோர்ட்டு அறிவிப்பு வெளியிடலாம். அந்த தேதியில் இருந்து 6 மாதத்துக்குள் உரிமை கோரணும். யாரும் வராவிட்டால் வண்டியை விற்க உத்தரவிடலாம். அதன் பிறகு ஏலம்தான்.

பைக்கை திருட்டு கொடுத்தவர்களும் இந்த அறிவிப்புகளை பார்த்து வைப்பது நல்லது. திருடன் நம்பர் பிளேட்டை மாற்றியிருப்பான். ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பரை வைத்துத்தான் 'இது என் வண்டி' என்று அடையாளம் காட்ட முடியும்.